பெரியவெள்ளையின் இரண்டு கன்றுகள்

மாங்கேணி
9.2.1964

அன்புள்ள மருமகள் இமெல்டாவுக்கு, மாதாவின் காவலில் இருக்கும் தாய்மாமன் பஸ்தியாம்பிள்ளை எழுதுவது.

நான் அப்போதே சொன்னேன். செவந்தி இன்னும் சினைப்படவில்லை என்று நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. வாசித்துவிட்டு நான் திடுக்கிடவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். உன் கல்யாணச் சீதனமாக, இன்னும் ஈனாத அந்த நாகுக் கன்றை லொறியில் ஏற்றியபோது, பக்கத்தில் நின்ற ஓட்டமாவடி மாட்டு வியாபாரி ஆதம்பாவாவிடம், "இவள் லேசில தாயாக மாட்டாள், நினைவில வெச்சிரும்" என்று சொன்னவன் நான். வேண்டுமானால் அவரையே கேட்டுப்பார். அவருக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் குறைவு, அது வேறு விஷயம்.

எப்படி அறிந்தேன் என்று கேட்பாய். மற்றவர்கள் மாட்டைப் பார்ப்பார்கள். நான் மாட்டின் தாயைப் பார்ப்பவன். செவந்தியின் தாய் பெரியவெள்ளையை உனக்குத் தெரியும். மாதா திருநாளுக்கு நீ இங்கே வந்தபோது உன் குடையைக் கடித்துத் தின்றதே, அதுதான். பெரியவெள்ளையின் தலையீற்றுக் கன்று செத்தே வந்தது. அடுத்தது பொழுது சாயும் வரைதான் இருந்தது. மூன்றாவதாக வந்தவள் செவந்தி. இரண்டைப் பறிகொடுத்த வயிற்றில் மூன்றாவதாகக் கிடக்கிற பெண் கன்று, தாயின் துக்கத்தை இரத்தத்தோடு குடித்துக்கொண்டு வரும். வெளியில் ஒரு குறையும் தெரியாது. தோல் மினுங்கும், கண் மினுங்கும். ஆனால் அதன் வயிறு பயந்த வயிறு. பிடிக்காது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ சிரிக்காதே. போன மாதம் கண்டிப் பக்கம் படித்த மாட்டு டாக்குத்தர் ஒருவர் ஜீப்பில் வந்து, நான் இதைச் சொல்லச் சொல்லத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஐயா, இத எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கல்லியே" என்றார். ஆதம்பாவாவோ, "பஸ்தியான் அண்ணே, நீங்க வெள்ளைக்காரன்ட நாட்டில பிறந்திருந்தா இந்நேரம் சிலை வெச்சிருப்பானுகள்" என்றார். நான் சிலைக்கு ஆசைப்படுகிறவன் அல்ல என்று உனக்குத் தெரியும்.

ஒரு காரியம் செய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சம்பந்தி பீற்றிஸ் அம்மா உன் வீட்டுக்கு வரும்போது, மாப்பிள்ளை பிலிப்பையும் இருத்திவைத்து இந்தக் கடிதத்தை உரத்து வாசி. பஸ்தியாம்பிள்ளை மலட்டு மாட்டைச் சீதனமாகத் தள்ளிவிட்டான் என்று புளியந்தீவில் ஒரு கதை உலாவுவதாகக் கேள்விப்பட்டேன். குறை என்னில் இல்லை, தாய் வழியில் வந்தது என்று எல்லோருக்கும் விளங்கட்டும்.

நீயும் கைப்பிடித்து நாலு வருஷமாகிறது. செவந்தியை விட்டுவிட்டு உன் வயிற்றுச் செய்தி ஒன்றை எழுதமாட்டாயா என்று தபால்காரனை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்மீது உயிரான மாமா,
ச. பஸ்தியாம்பிள்ளை


கல்லடி
24.2.1964

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். வாசித்திருக்கக்கூடாது.

டாக்குத்தர் தொப்பியைக் கழற்றிய இடத்தில் இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மாமாக்குச் சிலை வெக்கத்தான் வேணும். அதுக்குப் பக்கத்தில பால் தாற மாடு ஒண்டையும் வெக்கச் சொல்லு" என்றார். நானும் சிரித்தேன். பீற்றிஸ் மாமி சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த இடத்த இன்னொருக்கா வாசி புள்ள" என்றார்.

"எந்த இடம் மாமி?"

"ரெண்டு செத்து மூண்டாவதா வந்த இடம்."

வாசித்தேன். வாசிக்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. "அது மாடு மாமி" என்றேன்.

"மாடுதான். நான் வேற என்ன சொன்னன்?" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமல் பாலத்தால் நடந்து புளியந்தீவுக்குப் போய்விட்டார்.

மாமா, உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு நான் சேமக்காலையில் அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரியும், பக்கத்தில் பெயர் இல்லாத இரண்டு சின்னச் சிலுவைகளுக்கு இரண்டும் கொளுத்துவேன். கல்யாணம் முடிந்த வருஷம் மாமி கூட வந்து, "இது ஆருக்கு?" என்று கேட்டார். நானேதான் சொன்னேன். ஒளிக்க வேண்டிய கதை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாமி எங்கே போனாலும் அதே பேச்சு. எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே என்கிறாராம். நான் நடக்கத் தொடங்குமுன் அப்பா இறந்துபோனார் என்பதை யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்று. கல்யாணப் பேச்சில் பெரியவெள்ளை வருஷா வருஷம் தவறாமல் ஈனும் என்று நீங்கள் பங்குச் சுவாமிக்கு முன்னால் சொன்னீர்கள். இப்போது வேறு எழுதுகிறீர்கள். இவர் அதைக் கவனித்துவிட்டார். மாமி கவனிக்கவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

மாட்டுக்கு இருப்பது மனிதருக்கு இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் மாமா. உங்கள் வாயால் வந்த கதை, உங்கள் வாயால் நின்றால்தான் நிற்கும்.

அன்பு மருமகள்,
இமெல்டா


மாங்கேணி
11.3.1964

அன்புள்ள மகள் இமெல்டாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டு மனம் கொஞ்சம் தளம்பியது. பிறகு யோசித்தேன், தெளிந்தது.

முதலில் மாப்பிள்ளை கண்டுபிடித்த பிழைக்கு வருகிறேன். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர், ஒரு எழுத்துத் தவறினாலும் கண்ணில் குத்தும். ஆனால் இது பிழை அல்ல. செவந்திக்குப் பிறகு பெரியவெள்ளை வருஷா வருஷம் ஈன்றாள், அது உண்மை. தாயின் குறை முழுவதும் அந்த மூன்றாவது பிள்ளையில் இறங்கிவிட்டது, தாய் சுத்தமாகிவிட்டாள். என் கணக்கு எங்கேயும் பிசகாது. போன ஞாயிறு கோவில் முற்றத்தில் இதைச் சொன்னேன். சனம் அப்படியே நின்று கேட்டது. மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்துவிட்டார்கள்.

மனிதர் வேறு, மாடு வேறு. அது யாருக்குத் தெரியாது? ஆனால் இரத்தம் இரத்தம்தான் என்று ஒரு பேச்சும் இருக்கிறது, அதையும் நான் மறுக்க முடியாது. மறுத்தால் கோவில் முற்றத்தில் என் முகத்தை எங்கே வைப்பேன்? பீற்றிஸ் அம்மா வயது போனவர், ஏதாவது சொல்வார். நீ காதில் விழுத்தாதே.

நான் ஒரு வழி கண்டிருக்கிறேன். செவந்தியை மாற்றித் தருகிறேன். கறுவல் என்று ஒரு நாகு நிற்கிறது, தாய் ஒன்றையும் பறிகொடுக்காதவள். மழை ஓய்ந்ததும் கொண்டுவந்து கட்டுவேன். அதோடு சம்பந்தியின் வாய் மூடும். மாற்றித் தருகிறேன் என்று நான் சொன்னதாகச் சொல்லு.

இத்துடன் ஆதம்பாவாவின் லொறியில் இரண்டு சட்டி தயிர் அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று சம்பந்திக்கு. வாகரையிலிருந்து மட்டக்களப்பு வரை இப்படித் தயிர் கிடையாது. கவிழ்த்துப் பார், விழாது.

மாமா,
ச. பஸ்தியாம்பிள்ளை


கல்லடி
7.6.1964

அன்புள்ள மாமாவுக்கு,

தயிர் வந்து சேர்ந்தது. நல்ல தயிர். மாமியின் சட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "சீதன மாட்டில பால் வராது, லொறியில தயிர் வரும்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னார். அதற்கு நான் கோபிக்கவில்லை. செவந்தியை மாற்றித் தருவதாக நீங்கள் எழுதியதைச் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னீர்கள் என்றுதான் சொன்னேன்.

மாமி சட்டியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாட்ட மாத்தித் தாறாராம் உன்ட மாமா. மனிசிய ஆர் மாத்தித் தாற?"

இவர் பக்கத்தில்தான் இருந்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் பகிடி விடுவதே இல்லை. வேலை முடிந்தால் நேரே தாய் வீடு, பிறகுதான் இங்கே. முன்பெல்லாம் நான் பட்டபாட்டை வந்ததும் கேட்பார், இப்போது செவந்தி புல் தின்றதா என்று கேட்கிறார்.

மாமா, இப்போது கவனமாக வாசியுங்கள். போன கிழமை இங்கே மாடு பார்க்கும் அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்தார். பக்கத்து வளவுக்கு வந்தவரை நான்தான் கூப்பிட்டேன். செவந்தியை மடியிலும் பின்னாலும் தடவிப் பார்த்துவிட்டு, "இது இரட்டையாப் பிறந்ததா? கூட ஒரு நாம்பன் கன்று வந்ததா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஆண் கன்றோடு ஒரே வயிற்றில் கிடந்த பெண் கன்று அநேகமாக ஈனாதாம், அதற்கும் தாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லையாம், அந்தத் தாயின் மற்றப் பெண் கன்றுகள் எல்லாம் ஒழுங்காக ஈனுமாம். செவந்தியின் மடி இன்னும் கன்றின் மடி மாதிரியே இருக்கிறது, அதுதான் அடையாளம் என்றார். ஆனால் பிறந்ததைப் பார்த்தவர்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்.

பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அது இரட்டையாக இருந்தால் பெரியவெள்ளையில் குறை இல்லை. பெரியவெள்ளையில் குறை இல்லை என்றால் மாமி பிடித்துக்கொண்டிருக்கும் கதைக்குக் கால் இல்லை. இவரிடம் இதைச் சொன்னேன். "மாமாட்டக் கேட்டு எழுது. அப்பிடி எண்டா நான் அம்மாட்டச் சொல்றன்" என்றார். இவ்வளவு நாளில் அவர் எனக்காகத் தாயிடம் ஒன்று சொல்வதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

எனக்குப் பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அது மாதாவுக்குத் தெரியும். செத்துப்போன அம்மாவின்மேல் இதைப் போடாமல் இருந்தால், இவர் என்னோடு இருப்பார். செவந்தி இரட்டையா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இமெல்டா


மாங்கேணி
20.6.1964

அன்புள்ள மகள் இமெல்டாவுக்கு,

இரட்டையா? என் பட்டியில் இரட்டை பிறந்த சரித்திரமே கிடையாது. அந்தக் களுசான் போட்ட அரசாங்கத்துப் பொடியன் செவந்தி பிறந்த இடத்தில் நின்றானா? நான் நின்றேன். அடைமழை. முழங்கால் வரை தண்ணீரில் நின்று, என் சாரத்தைக் கழற்றிக் கன்றைத் துடைத்தவன் நான். ஒரு கன்று. ஒரே ஒரு கன்று. பெரியவெள்ளை அதை நக்கிவிட்டுத் தலையைத் தூக்கிச் செத்துப்போன மற்ற இரண்டையும் தேடினாள். அவள் கண்ணில் நீர் வடிந்ததை நான் பார்த்தேன். மாடு அழாது என்பவன் மாட்டைப் பார்க்காதவன்.

அரசாங்கத்து ஆட்கள் ஒரு மாட்டைத் தடவிவிட்டு ஒன்பது கதை சொல்வார்கள். அவன் சொன்னதைக் கேட்டால், பஸ்தியாம்பிள்ளை தெரிந்துகொண்டே ஈனாத நாகைச் சீதனமாகக் கொடுத்தான் என்று ஆகாதா? பங்குச் சுவாமிக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவன் நான். பட்டியில் முதல் மாடு என் மருமகளுக்கு என்று சொன்னவன். நீ அந்தப் பொடியனை நம்புகிறாயா, தாய்மாமனை நம்புகிறாயா?

மாப்பிள்ளையை ஆவணி மாதம் இங்கே அனுப்பு. நண்டும் தேனும் கொடுத்து நான் அவரை வழிக்குக் கொண்டுவருகிறேன். அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, அதுதான் தாய் வீட்டுக்கு ஓடுகிறார். எல்லாம் சரிவரும். நான் சொன்னது எது நடக்காமல் போனது?

கறுவலைக் கொண்டுவர இன்னும் தோது வரவில்லை.

மாமா,
ச. பஸ்தியாம்பிள்ளை


கல்லடி
3.11.1964

மாமாவுக்கு,

இவர் போய்விட்டார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. வீடு அம்மா எனக்கு எழுதியது, அதனால் அவர் எடுத்துப்போக அதிகம் இருக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியை அதே கயிற்றால் கட்டினார். வாசலில் நின்று, "உன்ன வெறுத்துப் போகல்ல இமெல்டா. அம்மா சோறு திங்கிறா இல்ல. அவக்கு நான் ஒருத்தன்தானே" என்றார். "அப்ப எனக்கு?" என்று கேட்டேன். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார்.

உங்கள் கடிதம் வந்த அன்றே வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஒரே ஒரு கன்று என்ற இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டார்.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலைக்குத் தனியே போனேன். மூன்று மெழுகுதிரி. காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மாமியும் வந்திருந்தார், தன் புருஷனின் கல்லறையில். என் பக்கம் வரவில்லை. நான் அந்த இரண்டு சிலுவைகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது மாமா. தங்காமல் போன என் கூடப்பிறந்தவர்கள்மேல். அம்மாவின்மேலும். எழும்பி வரும்போது வெட்கமாக இருந்தது.

செவந்தியை மாற்ற வேண்டாம். கறுவலும் வேண்டாம். அது தன் பாட்டுக்கு வளவில் நிற்கிறது. என்னைக் கண்டால் கத்துகிறது, நான் புல் போடுகிறேன். இருவருக்கும் போதும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இமெல்டா


மாங்கேணி
10.1.1965

மகள்,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் அல்ல, தயிர்ச் சட்டியோடு வரும் துண்டு.

இங்கே மழை. பட்டி முழுவதும் சேறு. பெரியவெள்ளை கிழடாகிவிட்டாள், ஆனாலும் இந்த வருஷமும் ஒன்று போட்டிருக்கிறாள். நாகு. நல்ல சுகம்.

சட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மாமா


மாங்கேணி
18.4.1966

அன்புள்ள மகள் இமெல்டாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் முன்கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை.

தயிர்ச் சட்டி ஒவ்வொன்றும் கழுவித் துடைத்துத் திரும்பி வருகிறது. ஒரு துண்டும் இல்லாமல் வருகிறது. ஆதம்பாவா சட்டியை இறக்கிவைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான்தான் ஏதாவது சொல்வேன், "மருமகளுக்கு வேலை கூட, எழுத நேரமில்லை" என்று. அவர், "ஓம் அண்ணே" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை நான் உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னேன். சும்மா வரவில்லை. உன் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, முதலில் புளியந்தீவுக்குத்தான் போனேன். பீற்றிஸ் அம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ரயில் கோச்சியில் வாய்ப்பாடமாக்கிக்கொண்டு வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆர் நீங்க? அவங்க கொழும்புக்குப் போயிற்றாங்க, மகனுக்கு அங்க அச்சகத்தில வேலை கிடைச்சிரிக்கு. இனி வரமாட்டாங்க" என்றார். உனக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

பிறகு பாலத்தால் நடந்து உன்னிடம் வந்தேன்.

நீ தண்ணீர் தந்தாய். "கோச்சில சனமா மாமா?" என்று கேட்டாய். அது ஒன்றுதான் கேட்டாய். "நிக்கவும் இடமில்ல மகள், கதவில தொங்கிக்கொண்டு வந்தன்" என்றேன். சனம் இல்லை. அந்தப் பெட்டியில் நானும் ஒரு கோழிக்கூடும்தான். எதற்காக அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் திறந்தால் அப்படித்தான் வருகிறது.

செவந்தி வந்து என் சட்டைப் பையை மோந்து பார்த்தாள். ஆறேழு வயது மாடு, மடி இன்னும் கன்றின் மடி. நீ என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் தலைமயிரில் காதுக்கு மேலே நரை விழுந்திருக்கிறது. அக்காவுக்கும் அதே இடத்தில்தான் விழுந்தது. சொல்ல வந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். குடித்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். செவந்தி இரட்டை.

மாரி மழையில் பட்டிக்குப் பின்னால் பெரியவெள்ளை ஈன்றாள். முதலில் நாம்பன் வந்தது, பிறகு செவந்தி. நாம்பன் மூச்சுத் திணறி மத்தியானத்துக்குள் போய்விட்டது. மணலைத் தோண்டிப் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை. நாம்பனோடு கூடப் பிறந்த நாகு ஈனாது என்பது மாடு வைத்திருக்கும் எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உனக்கென்று வைத்திருந்த நாகை நான் வாகரைக் காட்டில் தொலைத்துவிட்டேன். கல்யாணம் கிட்டிவிட்டது. பட்டியில் முதல் மாடு என்று சபையில் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வர என்னால் முடியவில்லை. எப்போதாவது ஒன்று தப்பி ஈனுவதும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவளை லொறியில் ஏற்றினேன். ஆதம்பாவாவிடம் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு அங்கே நிற்கவும் இல்லை.

பெரியவெள்ளையின் மற்றப் பெண் கன்றுகள் எல்லாம் ஈன்றவை. ஒன்றும் தவறவில்லை. அந்தக் களுசான் பொடியன் சொன்னது அத்தனையும் சரி. தொப்பியைக் கழற்றிய டாக்குத்தர் என்று ஒருவர் இல்லை.

நீ ஒரு வரி கேட்டாய். அதை அன்றைக்கே எழுதியிருந்தால் மாப்பிள்ளை தாயிடம் சொல்லியிருப்பார். அவர் சொல்வதாகச் சொன்னாரே. இப்போது எழுதுகிறேன், வாசித்துக் காட்ட உன் வீட்டில் செவந்தி மட்டும்தான் நிற்கிறாள். கொழும்பு விலாசம் யாரிடமாவது கிடைத்தால் அவருக்கும் எழுதுவேன். கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். இனி அப்படி எதையும் சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கோச்சியில் திரும்பி வரும்போது, அந்த முதல் கடிதத்தை எப்படி எழுதினேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நாம்பனை மறைக்க எனக்கு வேறொரு கதை வேண்டியிருந்தது. தாய் மாட்டில் ஒரு குறை சொன்னால் போதும் என்று நினைத்தேன். குறைக்கு எங்கேயும் தேடி அலையவில்லை. கை தானாக எழுதிக்கொண்டு போனது. எழுதும்போது அது எனக்குப் புதுக் கதை போலத்தான் இருந்தது. நல்லாக வந்திருக்கிறது என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

அக்காவின் தலைப்பிள்ளை செத்தே வந்தது. அடுத்தது பொழுது சாயும் வரை இருந்தது. இரண்டு தடவையும் அத்தானால் தூக்க முடியவில்லை, பெட்டியைச் சேமக்காலைக்கு நான்தான் சுமந்தேன். சவர்க்காரம் வந்த பலகைப் பெட்டி. மணம் போகவில்லை. அக்கா படலையில் நின்று, "மெல்லப் போடா தம்பி, ஆட்டாத" என்றார்.

நீ அந்த வரியை வாசித்தபோது அது ஆருடைய கதை என்று உனக்குத் தெரிந்தது. பீற்றிஸ் அம்மாவுக்கும் தெரிந்தது. எழுதியவனுக்குத் தெரியவில்லை.

செத்தே வந்த கன்றும் பொழுது சாயும் வரை இருந்த கன்றும் என் பட்டியில் பிறக்கவே இல்லை, மகள்.

மாமா